பொறியறிஞர் பிரெசினே

பாகூர் ஏரிக்கரைமீது நின்று வயல்வெளியை நோக்குவார்க்கு முதலிற் புலப்படுவது நெற்பயிரின் பசுமை. அடுத்துப் புலப்படுவது அப்பசுமையினூடே அணிவகுத்து நிற்கும் மின்கம்பங்கள். நெல்லைப் பாடிய புலவர் பலர். கம்பத்தைப் பாடினாரை யான் அறிந்திலேன். யானும் ஈண்டுப் பாடப் புகுந்தேனல்லேன். ஆயினும், சிமெண்டுக் கம்பத்தின்மீது கொண்ட நம்பிக்கையால் தம் கைப்பொருள் அனைத்தையும் இழந்து, ஐம்பது வயதைக் கடந்தபின் வெறுங்கையராய் நின்ற ஒரு பேரறிஞரின் வரலாற்றை நம் கல்லூரி மலரைப் படிக்கும் அன்பர்க்குச் சொல்ல விழைகின்றேன். அவர் பெயர் யூஜேன் பிரெசினே.

தமிழிலக்கியம் பயிலும் மாணவனுக்குச் சிமெண்டும் ஜல்லியும் எவ்வாறு உறவாயின என்று நண்பர் சிலர் நகைக்கலாம். என் தந்தையார் கொத்து வேலை செய்பவர். சவுக்குக் கழிகளை முட்டுக் கொடுத்து, பலகை பரப்பி, கம்பி கட்டி, ஒரே பகலில் தளம் ஒட்டி முடிக்கும் ஆரவாரத்தைச் சிறு வயதுமுதற் கண்டு வளர்ந்தவன் யான். சென்ற விடுமுறையில் நாங்கள் இருவரும் வில்லியனூர் சென்றபோது சாலையோரத்தில் நான்கு நிலைக் கட்டடம் ஒன்று எழக் கண்டோம். அங்கே முட்டுமில்லை, பலகையுமில்லை. லாரியில் வந்திறங்கிய நீண்ட கான்கிரீட் பலகைகளைக் கிரேன் ஒன்று தூக்கி, உத்தரங்களின்மேல் வரிசையாக வைத்துக்கொண்டே சென்றது. பலகையின் முனையை நோக்கின், நீள வாட்டத்தில் ஓடும் துளைகளின் வாய்கள் வரிசையாகத் தெரிந்தன. காலையில் வானம் தெரிந்த இடத்தில் மாலைக்குள் தளம் அமைந்துவிட்டது. தந்தையார் நெடுநேரம் பேசாது நின்றார். வீடு திரும்புங்கால், இம்முறை நம்மூர்க்கும் வந்துவிடின் தம் போன்றார்க்கு இடம் யாது என்று மெல்ல வினவினார். விடை கூற எனக்கு இயலவில்லை. இவ்வித்தையைத் தொடங்கி வைத்தவர் யாவர் என்றாவது அறிவோம் என்று நூலகம் புகுந்தேன். அங்கே பிரெசினே அகப்பட்டார்.

அவர் வரலாறு விளங்க வேண்டுமாயின், ஒரு செய்தியை முன்னரே அறிதல் நலம். சோழர் காலக் கற்கோயிலாகிய பாகூர் மூலநாதர் கோயிலுட் புகுந்து அண்ணாந்து பார்ப்பின், மேலே கற்பலகைகள் பாவியிருத்தலைக் காணலாம். தனியே செதுக்கித் தூக்கி வைத்த தளம் அது. வில்லியனூரில் யான் கண்ட தளத்திற்கு அதனைப் பாட்டன் எனலாம். கற்கோயில்களில் தூண்கள் நெருங்கி நிற்பது அழகு கருதி மட்டுமன்று. கல்லை எவ்வளவு அழுத்தினும் தாங்கும், இழுத்தால் தாங்காது. இரு முனையிலும் தாங்கப்பெற்ற பலகை பாரத்தால் வளையுங்கால், அதன் மேற்புறம் அழுத்தமும் அடிப்புறம் இழுப்பும் எய்தும். இடைவெளி மிகுந்தால் அடிப்புறம் பிளந்துவிடும். கான்கிரீட் என்பது மனிதன் வார்த்த கல். அதற்கும் இதே குறை உண்டு. இழுப்பைத் தாங்கும் அதன் வலிமை, அழுத்தத்தைத் தாங்கும் வலிமையில் ஏறத்தாழப் பத்தில் ஒரு பங்கே. ஆதலின் அடிப்புறத்தில் இரும்புக் கம்பி வைத்து வார்க்கும் முறை 19ஆம் நூற்றாண்டில் தோன்றியது. பூந்தொட்டி செய்து பார்த்த மோனியே என்னும் தோட்டக்காரரும், 1892இல் தளத்தையும் உத்தரத்தையும் ஒன்றாக வார்க்கும் முறைக்கு உரிமை பெற்ற என்னபிக் என்பாரும் அதனைப் பரப்பியவர்கள். இருவரும் பிரெஞ்சுக்காரரே. இம்முறையிலும் ஒரு குறை நின்றது. கம்பி தன் முழு வேலையைச் செய்யத் தொடங்குமுன் கான்கிரீட் மயிரிழைபோலக் கீறிவிடும். கீறிய பகுதி சுமை தாங்குவதில்லை. ஆனால் அப்பகுதியின் பாரத்தைச் சுவரும் தூணும் சுமந்தே தீர வேண்டும். உழைக்காத உறவினரை வீட்டில் வைத்துச் சோறிடுவது போன்றது இது.

பிரெசினே 1879ஆம் ஆண்டு ஜூலைத் திங்கள் 13ஆம் நாள், பிரான்சு நாட்டுக் கொரேஸ் மாநிலத்தில் ஓப்ஜா என்னும் சிற்றூரிற் பிறந்தார். அவர் சிறுவராயிருக்கும்போதே குடும்பம் பாரிசுக்குக் குடிபெயர்ந்தது. நகரம் அவர் உள்ளத்திற்கு இசையவில்லை. பிறந்த நாட்டுப்புறத்தின் தச்சரையும் கொல்லரையும் கொத்தரையுமே அவர் தம் முன்னோராகப் போற்றினார். கையிலிருக்கும் சிறு பொருளைக்கொண்டு பெரும் பயன் காணும் அவர்தம் சிக்கன அறிவே தமக்கு வாய்த்த முதுசொம் என்று முதுமையிலும் கருதி வந்தார். பொறியியற் கல்விக்குப் பேர்போன எக்கோல் பொலித்தெக்னிக்கில் இடம்பெற எழுதிய தேர்வில் முதன்முறை தோற்று, மறுமுறை வென்றார். (தேர்வில் தோற்ற நண்பர்கள் இவ்வரியை அடிக்கோடிட்டுக் கொள்ளலாம்.) பின்னர்ப் பாலங்களுக்கும் சாலைகளுக்குமான அரசாங்கக் கல்லூரியிற் பயின்றார். அங்கே சார்லஸ் ராப்யூ என்னும் ஆசிரியர் கான்கிரீட்டைப் பற்றி நிகழ்த்திய வகுப்புக்களில் இருந்தபோதுதான், 1903–1904 அளவில், கான்கிரீட்டைச் சுமை ஏறுமுன்னரே அழுத்தி வைத்தால் என்ன என்னும் எண்ணம் அவருள்ளத்தில் முளைத்தது. முளைத்த விதை மரமாவதற்கு இருபத்தைந்து ஆண்டு சென்றது.

1905இல் மூலேன் என்னும் ஊரில் அரசாங்க இஞ்சினீயராக அமர்ந்தார். சுற்றுப்புறக் கிராமங்களுக்குச் சிறு பாலங்கள் கட்டுவதே முதற் பணி. ஆலியே ஆற்றின் குறுக்கே லெ வெர்துரு, பூத்திரோன், சாத்தெல் தெ நேவ்ர் என்னும் மூன்றிடங்களிற் பாலம் வேண்டியிருந்தது. ஒரு பாலத்திற்கு மதிப்பிட்ட செலவிலேயே மூன்றையும் கட்டிவிடலாம் என்று பிரெசினே கணக்கிட்டார். மெர்சியே என்னும் கண்டிராக்டர் அக்கணக்கை நம்பி, பொறுப்பனைத்தையும் தம் தலைமேல் ஏற்றுக்கொண்டார். வரைந்தவரும் பிரெசினே, மேற்பார்த்தவரும் பிரெசினே, கண்டிராக்டருக்கு வழி சொன்னவரும் அவரே. இந்நாளில் இவ்வாறு நடப்பின் விசாரணைக் கமிஷன் வைப்பர். தம் கணக்கைச் சோதிக்க 50 மீட்டர் அகலமுள்ள வளைவு ஒன்றை முதலிற் கட்டிப் பார்த்தார். அவ்வளைவின் இரு காலும் விலகாதவாறு உறுதியான எஃகுக் கம்பிகளை இழுத்து இறுக்கிப் பூட்டினார். பின்னாள் வித்தை அனைத்திற்கும் கரு அங்கேயே கிடந்தது.

லெ வெர்துருப் பாலம் மூன்று வளைவுகள் உடையது. நடு வளைவின் அகலம் 70 மீட்டருக்கு மேற்பட்டது. வளைவின் உச்சியில் நீரழுத்த ஜாக்கிகளை வைத்து நெம்பி, வளைவைச் சாரத்தினின்று எழுப்பிப் பிரித்தெடுக்கும் புதுமுறையை அவர் கையாண்டார். பாலம் திறக்கப்பெற்றது, ஊரார் மகிழ்ந்தனர். சின்னாட்கள் கழிந்தன. கைப்பிடிச் சுவரின் கோடு நேராக இல்லை என்பதைப் பிரெசினேயின் கண் கண்டது. வளைவின் உச்சி மெள்ள மெள்ளத் தாழ்ந்துகொண்டிருந்தது. பாரம் கூடவில்லை; கால்கள் நகரவில்லை; ஆயினும் பாலம் இறங்கிக்கொண்டே வந்தது. கான்கிரீட் ஒரு பாரத்திற்கு ஒரே அளவாகத்தான் குறுகும், பின் குறுகாது என்பது அந்நாள் அறிஞர் கொள்கை. அரசாங்க விதியும் அதுவே. விதியின்படி நிகழக்கூடாத ஒன்று கண்முன் நிகழ்ந்துகொண்டிருந்தது.

1911ஆம் ஆண்டளவில் ஒரு நாள் அவர் பாலத்தைப் பார்த்துவிட்டு மூலேனுக்குத் திரும்பினார். மேலதிகாரிக்கு எழுதுவதா? எழுதினால் ஆராய்ச்சிக் குழு வரும். குழு வந்து கூடுமுன் பாலம் ஆற்றில் விழும். யாருக்கும் சொல்லாமல், இரவோடிரவாகத் தம் நம்பிக்கைக்குரிய சில துணைவரை எழுப்பி அழைத்துச் சென்றார். உச்சியில் முன்னம் ஜாக்கி வைத்த இடங்கள் இருந்தன. அவ்விடங்களில் மீண்டும் ஜாக்கிகளைப் பொருத்தி, மூன்று வளைவையும் ஒருங்கே நெம்பி உயர்த்தினார். தாழ்ந்த உச்சிகள் எழுந்தன, கோடு நேராயிற்று. இடைவெளியைக் கான்கிரீட்டால் நிரப்பினர். பாலம் பிழைத்தது. அவ்விரவு அவர் வேலையை இழந்திருக்கலாம். சிறை புகுந்திருக்கவுங் கூடும். அவரை நம்பிய மெர்சியே அழிந்திருப்பார். இப்பகுதியைப் படித்தபோது, தளம் ஒட்டிய இரவுகளில் மழைக்குறி கண்டால் உறங்காது எழுந்து சென்று முட்டுக்களைத் தடவிப் பார்க்கும் என் தந்தையாரை நினைத்துக்கொண்டேன்.

அவ்விரவின் பயன் பாலம் மட்டுமன்று. நீண்ட நாள் அழுத்தத்திலிருக்கும் கான்கிரீட் சிறிது சிறிதாக இளகிக் குறுகும் இயல்புடையது என்னும் உண்மையை உலகில் முதலில் உள்ளங்கை நெல்லிக்கனிபோல் உணர்ந்தவர் அவரானார். மற்றையோர் அதனை ஒப்ப இன்னும் பல்லாண்டு வேண்டியிருந்தன.

அதன்பின் புகழ் வளர்ந்தது. அரசாங்க வேலையை விட்டு, லிமூசேன் என்னும் கட்டட நிறுவனத்தில் தலைமைப் பொறியறிஞராயினார். வில்நேவ் சுர் லோ என்னுமிடத்தில் கம்பியில்லாக் கான்கிரீட்டாலேயே 96 மீட்டர் வளைவு கட்டினார். முதல் உலகப் போரால் தடைப்பட்ட அது 1919இல் முடிந்தது. பாரிசை அடுத்த ஓர்லியில் 1921க்கும் 1923க்கும் இடையே ஆகாயக் கப்பல்களுக்கென இரு பெருங் கொட்டகைகள் எழுப்பினார். ஒவ்வொன்றும் சுமார் 300 மீட்டர் நீளம். 60 மீட்டர் அளவு உயரம். மடித்த காகிதம்போல் நெளிந்த கான்கிரீட் ஓடோ ஒரு சாணுக்கும் குறைந்த தடிப்பே. 1944இல் அவை குண்டுக்கு இரையாயின. அதே போரில் லெ வெர்துருப் பாலமும் அழிந்தது. அவர் இரவிற் காத்த பாலத்தை இன்று காண வழியில்லை. உடன்பிறப்பாகிய பூத்திரோன் பாலம் மட்டும் நிலைத்தது. 1930இல் திறந்த பிளூகாஸ்தெல் பாலத்தின் மூன்று பெரு வளைவுகளுக்கும் மரச்சாரம் ஒன்றே. ஒரு வளைவு முடிந்ததும் அச்சாரத்தைக் கடல்நீரில் மிதக்கவிட்டு அடுத்ததற்கு நகர்த்தினார். மரத்தை வீணாக்க மனமில்லாத நாட்டுத் தச்சனின் புத்தி அது.

இந்நிலையில் ஐம்பதை நெருங்கிய ஒருவர் செய்யத்தக்கது, ஈட்டிய பெயரை அனுபவித்து இருப்பதே. பிரெசினே அவ்வாறு இருந்தாரல்லர். இளமையில் முளைத்த எண்ணம் அவரை விடவில்லை.

அவ்வெண்ணத்தை நம் நாட்டு வண்டிச் சக்கரத்தைக்கொண்டு விளக்கலாம். சக்கரத்திற்கு இரும்புப் பட்டா போடுவதை மூத்தோர் கண்டிருப்பர். சக்கரத்தின் சுற்றளவினும் சிறிது குறைந்த பட்டாவை நெருப்பிற் காய்ச்சி விரித்து, சூட்டோடு மாட்டித் தண்ணீர் ஊற்றுவர். பட்டா குளிர்ந்து குறுகுங்கால் மரத்துண்டுகள் அனைத்தையும் நெருக்கி ஒன்றாக்கும். அதன்பின் சக்கரம் மேடுபள்ளங்களில் எவ்வளவு அடிபடினும் பொருத்துக்கள் வாய் திறவா. கான்கிரீட்டையும் அவ்வாறே செய்யலாம். எஃகுக் கம்பியை முதலில் இழுத்து நீட்டிப் பிடித்து, அதனைச் சூழக் கான்கிரீட் வார்த்து, அது கெட்டியானபின் பிடியை விட்டுவிட வேண்டும். கம்பி குறுகத் துடிக்கும், கான்கிரீட் விடாது, அப்போராட்டத்தில் கான்கிரீட் முழுவதும் அழுத்தம் எய்தும். பின்னர்ச் சுமை ஏறி அடிப்புறத்தை இழுத்தாலும், அவ்விழுப்பு முன்னிட்ட அழுத்தத்தைக் குறைக்குமேயன்றிக் கான்கிரீட்டைக் கீறாது. உழைக்காதிருந்த பகுதியும் உழைக்கத் தொடங்கும். இதனையே முன்னிறுக்கிய கான்கிரீட் என்பர்.

இவ்வெண்ணம் பிறர்க்கும் தோன்றியதுண்டு. 1880களிலேயே அமெரிக்காவிலும் ஜெர்மனியிலும் சிலர் முயன்றனர், தோற்றனர். தோல்வியின் காரணம் அவர்க்கு விளங்கவில்லை. சாதாரண இரும்பைத் தாங்குமளவு இழுத்தால், அது ஆயிரத்தில் ஒரு பங்குக்கும் குறைவாகவே நீளும். கான்கிரீட்டோ உலர்வதாலும் இளகுவதாலும் ஏறத்தாழ அதே அளவு தானும் குறுகிவிடும். பின்னர் இறுக்கம் எங்கே நிற்கும்? கட்டிய கயிற்றினுள் கட்டுண்ட பொருளே இளைத்துப்போனாற் போலாயிற்று. லெ வெர்துரு இரவைக் கண்ட பிரெசினேக்கு மட்டுமே விடை தெரிந்தது. இரும்பு போதாது, மிக உறுதியான எஃகு வேண்டும். அதனை ஐந்தாறு மடங்கு மிகுதியாக நீட்ட வேண்டும். அப்போது கான்கிரீட் குறுகியபின்னும் இறுக்கத்தின் பெரும்பகுதி எஞ்சும். 1928ஆம் ஆண்டு அக்டோபர் 2ஆம் நாள் இம்முறைக்கு உரிமை கோரினார். உடன் கோரியவர் நண்பர் ழான் சேயாய்.

லிமூசேன் நிறுவனம் இம்முயற்சியில் துணிந்து இறங்க விரும்பவில்லை. பிரெசினே வெளியேறினார். பிளூகாஸ்தெல் கட்டியவரை வருக என அழைக்க நாடுகள் காத்திருந்தன. அவரோ மோந்தார்ஜி என்னும் ஊரில் தம் பொருளையிட்டு மின்கம்பம் வார்க்கும் தொழிற்சாலை அமைத்தார். கிராமங்களுக்கு மின்சாரம் பரவுங் காலமாதலின் கம்பம் விலைபோகும் என்பது அவர் எண்ணம். எஃகு இழுக்கும் பொறி, அச்சு, கான்கிரீட்டை அதிரச் செய்து இறுக்கும் கருவி, நீராவியால் விரைவிற் கெட்டிப்படுத்தும் அறை ஆகிய யாவற்றையும் தாமே வகுத்தார். கம்பங்கள் மெல்லியவாயும் மிக்க உறுதியுடையனவாயும் வந்தன. ஆனால் உலகப் பொருளாதார மந்தம் குறுக்கிட்டது. கம்பம் வாங்குவாரில்லை. 1933 அளவில் கைப்பொருள் கரைந்தது, தொழிற்சாலை நின்றது. உலகம் புகழ்ந்த பொறியறிஞர் ஒருவர் விற்காத கம்பங்களுக்கு நடுவே நின்ற காட்சியை எண்ணுக. இன்று பாகூர்க் கொம்யூனின் எத்தெருவிலும் சிமெண்டுக் கம்பத்தைக் காணலாம். அது நின்ற இடத்தில் கன்றுக்குட்டியைக் கட்டுகின்றோம்.

மீட்சி வந்தது லெ ஆவர் துறைமுகத்திலிருந்து. நார்மண்டி என்னும் பெருங்கப்பல் வந்தணைவதற்காக அங்கே எழுப்பிய பயணிகள் நிலையம் சேற்று நிலத்தில் அமிழத் தொடங்கியது. மாதத்திற்கு ஏறக்குறைய 25 மில்லிமீட்டர் வீதம் இறங்கிற்று. 1934இல் பிரெசினே தம் முறையால் அதனைக் காப்பதாக முன்வந்தார். வேறு வழியறியாதார் ஒப்பினர். அடித்தளங்களை முன்னிறுக்கிய உத்தரங்களால் ஒன்றாகப் பிணைத்தார். குழாய் வடிவக் கான்கிரீட் கால்களைத் துண்டு துண்டாக வார்த்து நீட்டி, கட்டடத்தின் பாரத்தையே எதிர்ப்பாகக் கொண்டு ஜாக்கியால் ஆழ்ந்த உறுதி நிலம்வரை அழுத்தி இறக்கினார். அமிழ்தல் நின்றது. 1935இல் கப்பல் முதற் பயணம் புறப்பட்டது. நேற்றுவரை பித்தர் என்றவர்கள் இன்று கணக்குக் கேட்டு வந்தனர். எத்ம் கம்பெனோன் என்னும் பெருங் கண்டிராக்டர் அவரோடு கூட்டுச் சேர்ந்தார். அக்கூட்டு இறுதிவரை நிலைத்தது.

1939இல் எஃகுக் கம்பிகளைக் கூம்பு வடிவ ஆப்பினால் பிடித்து நிறுத்தும் முறையைக் கண்டார். எளிய ஆப்பு; தச்சர் பட்டறையில் எவரும் காண்பது. வார்த்து முடிந்த துண்டுகளில் விட்ட துளைவழியே கம்பியைக் கோத்து, இழுத்து, ஆப்படித்து, மாலைபோல் ஒன்றாக்க அது வழி செய்தது. மார்ன் ஆற்றின்மேல் லுசான்சி என்னுமிடத்தில் 55 மீட்டர்ப் பாலத்தை இவ்வாறே அமைத்தார். 1941இல் தொடங்கி, போரால் நின்று, 1946இல் முடிந்தது. அடுத்த ஐந்தாண்டில் அதே ஆற்றின்மேல் இன்னும் ஐந்து பாலங்கள், ஒவ்வொன்றும் 74 மீட்டர், தொழிற்கூடத்தில் வார்த்த துண்டுகளால் எழுந்தன. நம்மவர் அறிந்த பாலமும் ஒன்றுண்டு. செங்கற்பட்டை அடுத்துப் பாலாற்றின்மேல் 1950களில் எழுந்த சாலைப் பாலம், இந்தியாவின் முதல் முன்னிறுக்கப் பாலங்களுள் ஒன்றாகும். புதுவையிலிருந்து சென்னைக்குத் திண்டிவனம் வழியாகச் செல்வோர் அவ்வாற்றைக் கடந்தே செல்வர்.

இனித் தளத்திற்கு வருவோம். இரண்டாம் உலகப் போருக்குப்பின் ஐரோப்பாவில் வீடுகள் அழிந்து கிடந்தன. மரமும் இரும்பும் அரிதாயின. முட்டுக் கொடுக்கவும் மரமில்லை. குறைந்த எஃகில், முட்டின்றித் தளம் அமைக்கும் தேவை எழுந்தது. பிரெசினேயின் முறை வீடுகளுக்குட் புகுந்தது. ஜெர்மானியராகிய ஓயர் என்பார், மிக நீண்ட வார்ப்புத் தளத்தில் மெல்லிய கம்பிகளை முனைக்கு முனை இழுத்து, வரிசையாக வார்த்து, பின் வேண்டிய நீளத்திற்கு அறுக்கும் வழியைப் போருக்கு முன்பே காட்டியிருந்தார். வில்லியனூரில் யான் கண்ட துளைப்பலகை இவ்வழியில் வந்ததே. அது பெரும்பாலும் 120 சென்டிமீட்டர் அகலமுடையது; துளைகளாற் பாரம் மிகக் குறையும்; பத்து மீட்டர் இடைவெளியையும் நடுத்தூணின்றிக் கடக்கும். பல நிலைக் கட்டடத்தில் கீழ்நிலையின் முட்டுக்கள் மேல்நிலை வேலையைத் தடுப்பதில்லை. ஆனால் பின்னாளில் மாடிப்படிக்கோ குழாய்க்கோ கண்டவிடத்தில் வெட்டினால், உள்ளேயிருக்கும் இறுகிய கம்பி அறுந்து ஆபத்து நேரும். இரு கால் உடைய இரட்டை டீ வடிவப் பலகை இதனினும் நீண்டது. பதினைந்து இருபது மீட்டரும் கடக்கும். தொழிற்சாலைக்கும் வண்டி நிறுத்தும் மாடிக்கும் அது ஏற்றது; குடியிருப்பார் அண்ணாந்து பார்க்க விரும்பார். இவ்விரண்டிற்கும் கிரேனும் அகன்ற சாலையும் வேண்டும். பாகூரின் உள்தெருக்களில் கிரேன் திரும்புவதற்குள் இரண்டு திண்ணைகள் போய்விடும்.

நம்மூர்க்கு ஏற்றது மூன்றாவதொரு முறை என்பது என் கருத்து. முன்னிறுக்கிய சிறு உத்தரங்களை இரண்டடி இடைவெளிக்கு ஒன்றாக வைத்து, இடையே உட்குழிவான கற்களை அடுக்கி, மேலே மெல்லிய கான்கிரீட் பரப்புவர். உத்தரத்தை நான்கு ஆட்கள் தூக்கலாம். இதனைக் கேட்டதும் தந்தையார், இது பழைய மச்சுத் தளமே அன்றோ என்றார். உண்மை. புதுவை, வில்லியனூர்ப் பழைய வீடுகளில் தேக்குக் கட்டைகளை நெருக்கமாக வைத்து, செங்கல்லைச் சுண்ணாம்புச் சாந்தில் குத்துக்கல்லாக நிறுத்தி அமைத்த தளத்தை அவர் எத்தனையோ முறை பழுது பார்த்தவர். தேக்கு இருந்த இடத்தில் பிரெசினேயின் உத்தரம், செங்கல் இருந்த இடத்தில் குழிகல், அவ்வளவே வேறுபாடு. ரூர்க்கிக் கட்டட ஆராய்ச்சி நிலையத்தார் இதனையொத்து, முன்வார்த்த சிறு பலகையும் உத்தரமுமாகக் கைவேலைக்கேற்ற எளிய முறையொன்றை வகுத்துள்ளனர். அதில் இறுக்கமுமில்லை, சாதாரணக் கம்பியே போதும். புதுவை நகரில் அந்தோனின் ரேமண்ட் என்னும் சிற்பி வகுத்து 1937இல் தொடங்கிய கோல்கொண்டே விடுதியோ, அவ்விடத்திலேயே வார்த்த கட்டடம். எனினும் அதன் கூரையில் முன்வார்த்த வளைவோடுகள் பாவியிருத்தல் காண்க. ஒரே கட்டடத்தில் இரு முறையும் பகையின்றி வாழலாம்.

முன்வார்த்த தளத்தின் உயிர் பலகையிலன்று, இணைப்பிலேயே உள்ளது. ஒன்றாக வார்த்த தளம் தானே ஒரு பாயாக நிற்கும். தனித்தனிப் பலகைகளோ சீட்டுக்கட்டுப் போன்றவை. 1968இல் லண்டனில் ரோனன் பாயின்ட் என்னும் 22 மாடிக் கட்டடத்தில் ஒரு வீட்டில் எரிவாயு வெடிக்க, சுவர்ப்பலகை நகர்ந்து ஒரு மூலை முழுதும் மேலிருந்து கீழ்வரை சரிந்தது. நால்வர் மாண்டனர். 1988இல் ஆர்மீனிய நாட்டு நிலநடுக்கத்தில், துளைப்பலகைத் தளமுடைய முன்வார்த்த பல மாடிக் கட்டடங்கள் பல, பிணைப்புக் குறைவால் அடுக்கடுக்காக வீழ்ந்தன. பலகை உடையவில்லை, பிடி நழுவிற்று. ஆதலின் பலகைகளுக்கிடையே சாந்தை இடைவிடாது நிரப்புவதும், முனைகளில் கம்பி பூட்டி உத்தரத்தோடு கட்டுவதும், மேலே கம்பிவலை பரப்பி மெல்லிய கான்கிரீட் இடுவதும் கிரேன் செய்யும் வேலையல்ல. அவை கொத்தர் கையில் உள்ளவை. இதனைத் தந்தையாருக்குப் படித்துச் சொன்னேன். அவர் மகிழ்ந்தாரென்று சொல்லமாட்டேன். பத்து ஆட்கள் செய்த வேலையை இருவர் செய்வதாகுமே, மற்றை எண்மர் எங்கே செல்வர் என்றார். அக்கேள்விக்குப் பிரெசினே நூல்களில் விடை காணேன்.

முதுமையிலும் பிரெசினே ஓயவில்லை. லூர்து நகரில், மாதா காட்சியருளிய நூறாம் ஆண்டை ஒட்டி, நிலத்திற்குள்ளே ஒரு பேராலயம் கட்ட முற்பட்டனர். மேலே புல்வெளி, கீழே பல்லாயிரவர் ஒருங்கு கூடும் மண்டபம். நீளம் சுமார் 200 மீட்டர், அகலம் சுமார் 80 மீட்டர். பார்வையை மறைக்கும் தூண் நடுவில் ஆகாது. மேலேயோ மண்ணின் பெரும்பாரம். எழுபதைக் கடந்த பிரெசினே முன்னிறுக்கிய வளைவுகளால் அதனைத் தாங்கச் செய்தார். 1958ஆம் ஆண்டு மார்ச்சுத் திங்கள் 25ஆம் நாள் அவ்வாலயம் அர்ச்சிக்கப்பெற்றது. வில்லியனூரிலும் 1870களில் அதே லூர்து மாதாவின் பெயரால் எழுந்த ஆலயம் உண்டு; குளக்கரையில் ஆண்டுதோறும் திருவிழாவிற்கு மக்கள் திரள்வர். சிறு வயதில் தாயாரோடு அங்கே சென்று, தூணோரத்தில் இடம் கிடைத்து ஒன்றும் காணாமல் திரும்பியதுண்டு. தூணில்லா மண்டபத்தின் அருமை எனக்கு அந்நாளே விளங்கிற்று.

பிரெசினே 1962ஆம் ஆண்டு ஜூன் 8ஆம் நாள், ஆல்ப்ஸ் மலைச்சாரலில் சேன் மர்த்தேன் வெசுபி என்னும் ஊரில், தம் 82ஆம் வயதில் மறைந்தார். பிரெஞ்சு ஆட்சி 1954இலேயே புதுவையை விட்டு நீங்கினும், சட்டப்படியான ஒப்படைப்பு நிறைவேறியது 1962 ஆகஸ்டு 16ஆம் நாள்தான். அவர் இறந்த அன்று, ஏட்டளவில், பாகூரும் வில்லியனூரும் அவர் நாட்டு மண்ணாகவே இருந்தன. அவர் பெயரை எம்மூரில் யாரும் கேட்டதாகத் தெரியவில்லை. வில்லியனூர்ச் சாலைக் கட்டடம் இப்பொழுது நான்காம் நிலைக்கு வந்துவிட்டது; பலகை இணைப்புக்களில் சாந்து நிரப்பத் தந்தையாரும் இன்னொருவரும் சென்ற திங்கள்முதல் அங்கே போய் வருகின்றனர்.